கிறீற் தீவில் ஓர் ஆடி அமாவாசை

முப்பதாவது கலியாண நாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் தர்சிகா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று நானும் மனைவி பவானியும் சொன்னோம். அவள் விடவில்லை, கிறீற் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். மத்தியதரைக் கடலில், கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான பெரிய தீவு அது. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நான் வேலை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் பாதிப்பேர் கோடையில் அங்கே போய், அவித்த இறால் நிறத்தில் திரும்பி வருவார்கள். எங்களுக்கு லீவு என்றால் யாழ்ப்பாணம், இல்லாவிட்டால் லண்டனிலோ பாரிசிலோ ஒரு கலியாணவீடு. கடலைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

எந்தக் கிழமை வசதி என்று மகள் கேட்டாள். டென்மார்க்கில் எல்லாவற்றையும், வருசத்தில் எத்தனையாவது வாரம் என்று கிழமை இலக்கம் சொல்லித்தான் பேசுவார்கள். பல்வைத்தியரும் அப்படித்தான், தொழிற்சாலையும் அப்படித்தான். நான் குசினிச் சுவரில் தொங்கும் யாழ்ப்பாணக் கலண்டரைப் பார்த்து, ஆடி அமாவாசை வரும் கிழமையை விலக்கிவிட்டு, "முப்பத்தொராம் கிழமை சரி" என்றேன்.

விமானநிலையத்திலிருந்து தெற்குக் கரைக்கு மலையேறி இறங்க வேண்டும். வாடகை வானில் போனோம். சாரதி கொழுத்த மனிதர். கண்ணாடிக்கு முன்னால் மாதா படம், இரண்டு புனிதர் படம், ஒரு செபமாலை. வளைவுக்கு வளைவு றோட்டோரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு நிற்கிறது. உள்ளே ஒரு படமும் விளக்கும் இருக்கும். விபத்தில் செத்தவர்களுக்காகவும் தப்பியவர்களுக்காகவும் வைப்பதாம். ஒவ்வொரு கூட்டையும் கடக்கும்போது சாரதி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மூன்று தரம் சிலுவைக் குறி போட்டார். கூடெல்லாம் வளைவில்தான் இருந்தது. நானும் ஒவ்வொரு தரமும் "முருகா" என்றேன். மகள் டெனிஷில், "அப்பா, அவருக்குப் பாதை தெரியும்" என்றாள். பவானி பையை வாயருகில் பிடித்தபடி, "தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் கூடு வைச்சிருக்கு" என்றா.

நாங்கள் தங்கியது ஒரு மீன்பிடி ஊரில், கலியோப்பி என்ற அம்மாவின் வீட்டு மேல்மாடியில். எழுபது வயதிருக்கும், விதவை, கறுப்புச் சட்டை. இளவயதில் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவ. நானும் டென்மார்க் வருமுன் ஜெர்மனியில் பதினொரு மாதம் அகதி முகாமில் இருந்தவன். இரண்டு பேருடைய ஜெர்மனும் உடைசல்தான். ஆனால் உடைந்த இடங்கள் வேறுவேறாக இருந்தபடியால் சமாளித்தோம். வீட்டு முற்றத்தில் ஒரு வாழையும், எண்ணி முடிக்க ஏலாத பூனைகளும் இருந்தன.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் பவானியின் யோசனை. ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் அரைக்கிலோ பருப்பும் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டு வந்திருந்தா. நான் ஆடி முழுக்க மீன், இறைச்சி என்று மச்சம் தொடுவதில்லை. கலியோப்பியிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவ, "நானும் இல்லை" என்றா. விளங்கவில்லை. பிறகு விரலை மடக்கி மடக்கி விளக்கினா. ஓகஸ்ட் பதினைந்து மாதாவின் பெருநாள். அதற்கு முன்னால் இரண்டு கிழமை இறைச்சி, மீன், முட்டை, பால் ஒன்றும் இல்லையாம். கந்தசஷ்டி மாதிரி என்று பவானி சொன்னா. ஊர்ச் சாப்பாட்டுக்கடையிலும் அதற்கென்று தனியாகச் சமைக்கிறார்கள். திராட்சை இலையில் சோறு சுற்றி அவித்தது, மலைக்கீரை அவியல், மஞ்சள் பருப்பு மசித்தது. உப்பு, தேசிக்காய், ஒலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பவானி கைப்பையைத் திறந்து மிளகாய்த்தூளைப் போட்டா. கடைக்காரர் வந்து மணந்து பார்த்துவிட்டு, தன் கையில் கொஞ்சம் வாங்கி நக்கினார். அதற்குப் பிறகு அன்று அவர் எங்கள் மேசைப் பக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா கோல் எடுத்தா. அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. ஐயாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில்ல பேர் குடுத்திட்டியே?"

"அது வாற கிழமையக்கா. நாங்கள் அதுக்கு முதல் வீட்டை போயிடுவம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய். இந்த ஞாயிறுதான் அமாவாசை."

மகளிடம் போனை வாங்கிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. யாழ்ப்பாணக் கலண்டரில் ஒவ்வொரு வரிசையும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. அமாவாசை ஞாயிறு அடுத்த வரிசையின் தலையில் நின்றது, அதனால் அடுத்த கிழமை என்று எடுத்துக்கொண்டேன். டெனிஷ்காரருக்குக் கிழமை தொடங்குவது திங்கட்கிழமை. அவர்கள் கணக்கில் அந்த ஞாயிறு முப்பத்தொராம் கிழமையின் கடைசி நாள். நாங்கள் திரும்பிப் பறப்பது மறுநாள் திங்கட்கிழமை. முப்பத்தைந்து வருசம் அந்த நாட்டில் கிழமை இலக்கம் பார்த்து வேலைக்குப் போனவன் செய்த பிழை இது.

வேறு வருசம் என்றால் இவ்வளவு மனம் அடித்திருக்காது. ஐயா போன வருசம் சித்திரையில் மோசம் போனார். அப்போது நான் நெஞ்சில் குழாய் வைத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொள்ளி வைத்தது அக்காவின் மகன். வருசம் முடிய ஆட்டைத் திவசமும் அவன்தான் செய்தான். என் கையால் ஐயாவுக்கு இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஆட்டை முடிந்து வரும் முதல் ஆடி அமாவாசையை ஹேர்னிங் கோயிலில் ஐயரை வைத்து ஒழுங்காகச் செய்வதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அக்கா ஏசவில்லை. "எங்க நிண்டாலும் செய். நீ செய்து முடிச்சன் எண்டு சொன்னாப் பிறகுதான் நான் அண்டைக்குச் சாப்பிடுவன்" என்றா. ஏசியிருந்தால் பரவாயில்லை.

ஹேர்னிங் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் ஆறுதலாகச் சொன்னார். கடல் இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும்? கறுத்த எள்ளுத் தேடு. தர்ப்பை இல்லாவிட்டால் அறுகம்புல் போதும். தெற்கே பார்த்து, மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடு. பிறகு காகத்துக்குச் சோறு வை, ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு, அதற்குப் பிறகு நீ சாப்பிடு. பூட்டனாரின் பெயர் எனக்குத் தெரியாது. அக்காவிடம் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் க்னோசோஸ் அரண்மனை பார்க்கப் போனோம். மூவாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திய இடம் என்கிறார்கள். சிவப்புத் தூண்கள் மேலே தடித்தும் கீழே ஒடுங்கியும் நிற்கின்றன. ஆளுயரத்துக்கு மேல் மண்சாடிகள், தானியமும் எண்ணெயும் வைத்ததாம். மண்குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு டெனிஷ் கூட்டம் போனது. வழிகாட்டிப் பெண், இதுதான் அரசியின் மலசலகூடம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதி இருந்தது என்று காட்டினா. ஒரு கிழவி தன் புருசனைப் பார்த்து டெனிஷில், "எங்கள் கோடைவீட்டில் இன்னும் இது இல்லை" என்றா. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

பைன் மரத்துக்குக் கீழே ஒரு மயில் நின்றது. பவானி அரண்மனையை விட்டுவிட்டு மயிலைத்தான் கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். எள்ளுக் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

ஹெராக்லியோன் நகரச் சந்தையில் எள்ளு மலைபோல இருக்கிறது, எல்லாம் வெள்ளை. பாணுக்கு மேலேயும் எள்ளு, இனிப்புக்கு மேலேயும் எள்ளு. கறுப்பு என்றால் தலையை ஆட்டினார்கள். மகள்தான் போனில் தேடி ஒரு ஒழுங்கைக்குள் கூட்டிப் போனாள். வங்காளதேசத்துக்காரர் ஒருவரின் பலசரக்குக்கடை. தீவில் தக்காளித் தோட்டங்களில் அவருடைய ஆட்கள் நிறையப்பேர் வேலை செய்கிறார்களாம். அவர் முதலில் கருஞ்சீரகத்தை எடுத்து வைத்தார். பவானி ஒன்றைக் கடித்துவிட்டுத் திருப்பித் தள்ளினா. பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பையோடு வந்தார். கறுத்த எள்ளு. யாருக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். இறந்த தகப்பனுக்கு, சாவுக்குப் போக முடியவில்லை என்றேன். அவர் கடதாசியைச் சுருட்டி ஒரு பிடி கூடப் போட்டார். "என்னுடைய தகப்பனும் இல்லை. நானும் போகவில்லை" என்றார்.

திரும்பி வரும் வழியில் மலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னாலிருந்து ஆவி பறந்தது. எல்லாரும் இறங்கினோம். ஒரு கிழவர் சாரதியைப் பார்த்து ஏதோ சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மாணவி மகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்த பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே வயது. நானும் இந்த ஏற்றத்தில்தான் நிற்கிறனான் என்கிறார்." சாரதி சிரிக்காமல், "உன்னைத் தள்ள ஆள் இல்லை, இதைத் தள்ளலாம்" என்றாராம். ஆனால் தள்ளியும் அது போகவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். பவானி நிழல் தேடி, இடிந்த ஒரு கல்மதிலுக்குப் பின்னால் போனா. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டா.

"இஞ்சருங்கோ, உது காத்தோட்டியெல்லே?"

போய்ப் பார்த்தேன். கல்லிடுக்கிலிருந்து முள்ளுக்கொடி இறங்கியிருந்தது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதா நார்கள். காம்பில் பச்சைக் காய்கள் தொங்கின. யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசை அன்றைக்கு மட்டும் கறிவைக்கிற காய் காத்தோட்டி. கடும் கைப்பு. டென்மார்க் தமிழ்க்கடையில் சில வருசம் வாடி வதங்கி வரும், பல வருசம் வராது.

"கிறீற்றில ஆர் கொண்டந்து நட்டது?" என்றேன். "காய் சின்னன். பெருவிரல் அளவுதான் இருக்கு."

"பூ அதே பூ. எனக்குத் தெரியாதே?"

"பிழையான காயைத் திண்டு நாங்களும் ஐயாவோட போறேல்லை" என்றாள் மகள். இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

கிழவர் வந்து பார்த்தார். ஒரு காயைப் பிடுங்கி, வாயைக் காட்டி, முகத்தைச் சுளித்து, பிறகு வயிற்றைத் தடவினார். சாப்பிடலாம், கைக்கும், நல்லது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கலியோப்பியும் அன்று பின்னேரம் அதையே சொன்னா. "கப்பாரி" என்று பெயராம், உப்புத்தண்ணீரில் போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தால் கைப்பு இறங்குமாம். ஒரு மண்சட்டியும் தந்தா. பவானி மூன்று நாளும் அந்தச் சட்டியைக் கைப்பிள்ளை மாதிரிப் பார்த்தா. கடலுக்குப் போனாலும் பாதியில் திரும்பி வந்து தண்ணீர் மாற்றினா. அந்த நாட்களில் மகள் மட்டும் தீவைச் சுற்றிப் பார்த்தாள். மலைப்பிளவு ஒன்றுக்குள் நாலு மணித்தியாலம் நடந்தேன், பேரீச்சைமரக் காட்டுக்குள் ஆறு ஓடிக் கடலில் விழுகிறது என்று படம் காட்டினாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஞாயிறு விடிய ஆறரைக்குக் கடலுக்குப் போனேன். தண்ணீர் அடிமட்டும் தெரிகிறது, கல்லும் மீனும் எண்ணலாம். யாழ்ப்பாணத்தில் இதற்கென்று போகும் கீரிமலையில் கடல் வடக்கே. அங்கே தெற்கே பார்ப்பதென்றால் கடலுக்கு முதுகு காட்ட வேண்டும். இங்கே கடலே தெற்குத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அறுகம்புல்லை விரலில் முடிந்து, எள்ளும் தண்ணீரும் விட்டேன். வேலுப்பிள்ளை, கதிர்காமர், சின்னத்தம்பி. பேப்பரை மகள் கரையில் நின்று பிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார வயோதிபர் உடம்பில் துணியில்லாமல் நீந்திக்கொண்டு வந்து பக்கத்தில் எழும்பி நின்று "குட் மோர்னிங்" என்றார். மகள் பேப்பரால் முகத்தை மறைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் மனம் நன்றாகக் குவிந்தது. ஐயாவின் பெயரை இன்னொரு தரம் சொல்லித் தண்ணீர் விட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. கடல் தண்ணீரோடு அதுவும் போனது.

பதினொன்றரைக்குச் சமையல் முடிந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பிரட்டல், காத்தோட்டிக்காய்க் கறி. கலியோப்பியிடம் முதல்நாளே கேட்டு ஒரு வாழையிலை வெட்டியிருந்தோம். அவவைத்தான் சாப்பிடவும் அழைத்திருந்தோம். கோயில் முடிந்து பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றா. அதற்குள் காகத்துக்கு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

முற்றத்து மதிலில் இலைத்துண்டு போட்டு, எல்லாக் கறியும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். இந்தத் தீவுக் காகமும் டென்மார்க் காகம் போலச் சாம்பல் சட்டை போட்டது. ஒன்று வந்தது. கரண்ட் கம்பியில் இருந்துகொண்டு தலையைச் சரித்துப் பார்த்தது. அதற்குள் பூனைகள் மதிலில் ஏறிவிட்டன. மகள் கையைத் தட்டிக் கலைத்தாள். பூனை ஓடியது, காகமும் எழும்பிப் பறந்து அடுத்த கம்பியில் இருந்தது. இலையை மாற்றி மேல்மாடி விளிம்பில் வைத்தோம். பூனை அங்கேயும் வந்தது. சாம்பல் நிறப் பூனை ஒன்று வாழைக்காயை மணந்து பார்த்துவிட்டு இலையின் மேலேயே படுத்துக்கொண்டது.

பன்னிரண்டு மணி. வெயில் நெருப்பு. எனக்குச் சீனி வருத்தம், காலைக் குளிசையும் எடுத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, இருங்கோ" என்றாள் மகள். அவள் தாதி. டெனிஷுக்கு மாறி, "இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் உங்களிடம் கேட்க மாட்டேன், வாயில் சீனி வைப்பேன்" என்றாள்.

"காகம் எடுக்காமல் எப்பிடிப் பிள்ளை சாப்பிடுறது? அங்க மாமியும் சாப்பிடாமல் இருக்கிறா."

"அங்க இப்ப ரெண்டரை" என்றா பவானி.

அந்த நேரம் கலியோப்பி வந்தா. கையில் ஒரு சின்னக் கடதாசிப் பை. ஊரில் யாருக்கோ நினைவுநாளாம், கோயிலில் கொடுத்த அவித்த கோதுமை, மாதுளை முத்தும் சீனியும் போட்டது. நற்கருணை வாங்குவதற்காக நேற்று இரவிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை, இதில் ஒரு வாய்தான் போட்டேன் என்றா. படியேறியதில் மூச்சு வாங்கியது. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு என்ன என்று கேட்டா.

"என் அப்பா. செத்தவர். பறவை முதலில் சாப்பிட வேண்டும்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவ சிரிக்கவில்லை. காகத்தைப் பார்த்தா, பூனையைப் பார்த்தா. "நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இருந்தா. கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றி விரலை அழுத்தினா.

அப்படியே இரண்டு நிமிடம் போயிருக்கும். காகம் கம்பியில் இருந்தது. விரதம் கிடந்து, எங்கள் சாப்பாட்டுக்கென்று வந்த ஒரு விதவை பசியோடு படியில் இருந்தா. நான் ஒரு பறவைக்காக அவவைக் காக்க வைத்துக்கொண்டு நின்றேன். ஐயா வீட்டில் யாரும் அப்படி இருந்ததில்லை. வந்தவர் சாப்பிடாமல் ஐயா கை கழுவியதில்லை.

"பவானி, இலையைப் போடு" என்றேன்.

"காகம்?"

"அம்மாவுக்குப் போடு."

மேசையில் மீதி வாழையிலையை விரித்துக் கலியோப்பியை இருத்தினோம். அவ சிலுவைக் குறி போட்டுவிட்டு, "உன் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டா. சொன்னேன். "வேலு" என்று பாதியைச் சொல்லி, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்றா. பவானி கரண்டி எடுத்து வைத்தா. கலியோப்பி எங்களைப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் தள்ளி வைத்தா. சோற்றைக் கையால் குழைத்தா, விரலெல்லாம் வழிந்தது. பருப்புக்குத் தலையை ஆட்டினா. காத்தோட்டிக்காயை வாயில் வைத்ததும் நிறுத்தினா. உறைப்பு என்று நினைத்து மகள் தண்ணீர் ஊற்றினாள். அவ வேண்டாம் என்று கையைக் காட்டினா. தேங்காய்ப்பாலில் கப்பாரி வைக்கலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டா. பிறகு சட்டியைக் கையால் காட்டி இன்னும் போடச் சொன்னா. பவானிக்கு முகம் மலர்ந்துவிட்டது, போட்டுக்கொண்டே இருந்தா.

அவ சாப்பிட்டு முடித்தபின் அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"செய்தாச்சக்கா."

"ஓமோ. காகம் எடுத்ததே?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லையக்கா. வந்தது, எடுக்கேல்லை. இஞ்ச வீட்டுக்கார அம்மா விரதமாய் வந்து பசியோட இருந்தவ. அவவுக்கு முதல் போட்டிட்டன்."

 

"வடிவாச் சாப்பிட்டவவே?" என்று அக்கா கேட்டா.

"ஓம். கறியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவ."

"கேட்டவவே?" அக்கா திரும்பக் கேட்டா. "அப்ப சரி. நான் போய்ச் சாப்பிடப் போறன். நீயும் சாப்பிடு, தம்பி."

பவானி எனக்குச் சோறு போட்டா, பருப்பு விட்டா, பூசணிக்காய் வைத்தா. காத்தோட்டிச் சட்டியைக் கொண்டு வந்து சரித்துக் காட்டினா. அடியில் கொஞ்சம் குழம்பு மட்டும் நின்றது. மூன்று நாள் தண்ணீர் மாற்றிய காய் முழுவதும் கலியோப்பியின் இலைக்குப் போய்விட்டது. அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். நல்ல கைப்பு.